முதல் கேள்வியில் மூன்று பகுதி

பல்கலைக்கழகத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் சரி, பேச்சாளர் நன்றி சொல்லி வாய் மூடுவதற்குள் மூன்றாவது வரிசையில் ஒரு கை மேலே போய்விடும். அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு மாணவர்கள் கேள்வியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. ஏதோ பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குடிநீர் அலுவலகத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர் அவர். ஏன் தண்ணீர் வரவில்லை, வந்தது ஏன் நின்றது, நின்றது எப்போது வரும் என்று ஊரே வந்து கேட்கும். இவர் பதில் சொல்வார். ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"இத்தனை வருஷம் அவங்க கேட்டாங்க. இனிமே நான் கேப்பேன்."

முன்னறையில் தையல் கடை நடத்தும் மனைவி அப்போது வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

பல்கலைக்கழகத்தின் பொதுக் கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்று எப்படியோ தெரிந்துகொண்டார். முதலில் குளிர்சாதனத்துக்காகத்தான் போனார் என்பாள் மனைவி. அவர் அதை மறுத்ததில்லை. ஆனால் போன இடத்தில் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதை யாரோ பெற்ற கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

"எனக்கு ரெண்டே ரெண்டு கேள்வி," என்றுதான் எப்போதும் தொடங்குவார். "முதல் கேள்வியில மூணு பகுதி இருக்கு."

ஆழ்கடல் மீன்களைப் பற்றிப் பேச வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியாளரிடம் கேட்டார்: "மீன் தூங்குமா? தூங்கினா எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்? அது தூங்குதுன்னு பக்கத்து மீனுக்கு எப்படித் தெரியும்?" அந்த மனிதர் மூன்று பகுதிக்கும் திணறித் திணறிப் பதில் சொல்லி முடிப்பதற்குள் வெளியே வைத்திருந்த டீ ஆறிப்போனது. இரண்டாவது கேள்வி அதன் பிறகுதான் வந்தது.

இவரை அடக்க என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மைக்கை அந்தப் பக்கமே அனுப்பாமல் விட்டார்கள். ஜன்னல் கம்பிக்கு அப்பால் கத்திக் கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் தேவைப்படவில்லை. தூணுக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள். தூணே கேள்வி கேட்பதுபோல் இருந்தது. கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். அன்று வந்த சீட்டுகள் எல்லாமே வேறு வேறு கையெழுத்தில் இருந்தன. எல்லாவற்றிலும் மூன்று பகுதிகள் இருந்தன.

இந்த நிலையில்தான் பெரிய மாநாடு ஒன்று வந்தது. பல்கலைக்கழகமும் ஊர் மக்களும் கைகோத்து வேலை செய்வது எப்படி, இருவருக்கும் நடுவில் இணைப்பை வளர்ப்பது எப்படி என்பதுதான் பொருள். அதை ஏற்று நடத்தும் பொறுப்பு இளம் விரிவுரையாளர் ஒருத்தியின் தலையில் விழுந்தது. வெளியூர்களிலிருந்தெல்லாம் பேராசிரியர்கள் வருகிறார்கள். துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டு, "எல்லாம் சரி, அந்த மனுஷனை என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"மேடையில உக்கார வைக்கப் போறேன் சார்."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஊர் சார்பா பேசறவர்னு சொல்லி உக்கார வச்சுடலாம் சார். மேடையில இருக்கிறவங்க கேள்வி கேக்க முடியாது. பதில்தான் சொல்லணும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீங்க ரொம்ப நாள் இங்க இருப்பீங்கம்மா," என்றார்.

விரிவுரையாளர் அன்றே கேள்வியாரின் வீட்டுக்குப் போனாள். தையல் இயந்திரத்துக்கும் துணி மூட்டைகளுக்கும் நடுவே ஒரு முக்காலியை ஒதுக்கி அவளை உட்கார வைத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் கேள்வியாரின் முகம் மலர்ந்தது.

"தலைப்பு என்ன சொன்னீங்க? இணைப்பா? நான் பார்க்காத இணைப்பா? அரை அங்குலக் குழாயா, முக்கால் அங்குலமா?"

"அந்த இணைப்பு இல்லைங்க ஐயா. மனுஷங்களுக்கு நடுவுல இருக்கிற இணைப்பு."

"அதுக்கும் ஒழுக்கு உண்டு," என்றார் கேள்வியார். அதை விரிவுரையாளர் மனதில் குறித்துக்கொண்டாள்.

மனைவி இயந்திரத்தை நிறுத்தினாள். "நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? கடையை யார் பாப்பா?"

"அந்த ஜன்னலுக்கு உள்ள என்ன பண்ணினீங்கன்னும் நான் பாக்கல. வெளிய வந்து என்ன பண்றீங்கன்னும் பாக்கல. ஒரு நாளாவது பாக்கறேனே."

கேள்வியார் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் விருந்தாளியின் முன்னால் என்ன சொல்ல முடியும்?

மாநாட்டுக்கு முந்தின வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். பழக்கதோஷம், ஒத்திகையிலும் கேள்விதான் வந்தது. "எனக்கு ரெண்டே ரெண்டு..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொள்வார். அடுத்த அறையில் இயந்திரத்தின் சத்தம் நின்று, சிறிது கழித்து மறுபடி ஓடும்.

மாநாட்டன்று மேடையில் அவருக்கு முன்னால் தண்ணீர் பாட்டில், பெயர்ப்பலகை, சொந்தமாக ஒரு மைக். மனைவி மூன்றாவது வரிசையில், சரியாக அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தாள். அது அவருடைய இடம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பேராசிரியர்கள் வரிசையாகப் பேசினார்கள். ஒவ்வொரு பேச்சும் முடியும்போது கேள்வியாரின் வலது கை மேசைக்கு அடியிலிருந்து கிளம்பும்; இடது கை அதைப் பிடித்து அமுக்கும்.

கேள்வி நேரம் வந்தது. தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர் எழுந்தார்.

"மேடையில இருக்கிற நம்ம ஊர்க்காரரையே கேக்கறேன். பல்கலைக்கழக நூலகத்துல எங்களை ஏன் உள்ள விடறதில்ல?"

கேள்வியார் மைக்கை இழுத்தார். அத்தனை வருடம் உட்கார்ந்த உடம்பு அவரைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"அது எங்க பிரிவுல வராதுங்க. பக்கத்து ஜன்னல்ல கேளுங்க."

அரங்கத்தின் ஒரு மூலையிலிருந்து சிரிப்பு கிளம்பி எல்லா வரிசைக்கும் பரவியது. கேள்வியாருக்குக் காது சிவந்தது. அடுத்து ஒரு பெண், இந்த மாநாட்டால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டாள்.

"எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. மேல கேட்டுச் சொல்றோம்."

இப்போது பேராசிரியர்களே மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கினார்கள். விரிவுரையாளர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். திட்டம் பலித்துவிட்டது. ஆனால் வியர்வை வழிய உட்கார்ந்திருந்த அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ஒரு கை எழுந்தது.

"எனக்கு ரெண்டே ரெண்டு கேள்வி," என்றாள் கேள்வியாரின் மனைவி. "முதல் கேள்வியில மூணு பகுதி இருக்கு."

மாணவர்கள் கைதட்டி விசிலடித்தார்கள். சத்தம் அடங்கும்வரை அவள் நிதானமாக நின்றாள்.

"காலையிலேருந்து இணைப்பு இணைப்புன்னு பேசறீங்க. அது யாருக்கும் யாருக்கும் நடுவுல? வீடு அதுல சேருமா, சேராதா? சேரும்னா, ஊர்ல இருக்கிற எல்லாரையும் கேள்வி கேக்கற மனுஷன் வீட்டுக்கு வந்தா 'சாப்பாடு ஆச்சா'ங்கறதுக்கு மேல ஏன் ஒரு கேள்வியும் கேக்கறதில்ல?"

கேள்வியார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமல் மூடினார். "அது வந்து... எங்க பிரிவுல..."

"எந்த ஜன்னல்னு சொல்லுங்க. போய் நிக்கறேன்."

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி சிரிப்பு. துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கேள்வியார் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் பார்த்த முகங்கள் எல்லாம் பாதி முகங்கள். இப்படி ஒரு முழு முகம் எதிரில் நின்று கேட்டது அவருக்குப் புதிது.

"இதே ஜன்னல்தான்," என்றார் மெதுவாக. "உள்ள இருந்த ஆளு டீ குடிக்கப் போயிருந்தான்."

"ரொம்ப நேரமாச்சே. வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"அப்ப முதல் கேள்வி முடிஞ்சுது. ரெண்டாவது உங்களுக்கில்ல." அவள் ஓரத்தில் நின்ற விரிவுரையாளர் பக்கம் திரும்பினாள். "இவரை மேடையில உக்கார வச்சா வாயைத் திறந்து கேள்வி கேக்க மாட்டார்னுதானே கூப்பிட்டீங்க?"

விரிவுரையாளருக்குப் பொய் சொல்ல நேரமில்லை. "ஆமாம்மா," என்றாள்.

அரங்கம் மேடையைப் பார்த்தது. மனிதர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் கேள்வியாரின் முகம் மலர்ந்தது; மேடையில் தன் பெயர்ப்பலகையைப் பார்த்தபோதுகூட அது இப்படி மலரவில்லை.

"என்னைப் பாத்தா?" என்றார். "ஒரு பல்கலைக்கழகமே பயந்துதா?"

"கொஞ்சம் பயந்துதுங்க ஐயா."

"கொஞ்சமா?"

"ரொம்பவே."

அவர் எழுந்து நின்று, கூட்டத்தை நோக்கிக் கை கூப்பிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பேசியவர்கள் யாரும் தாளைப் பார்த்துப் படிக்கவில்லை. பலசரக்குக் கடைக்காரர் நூலகக் கேள்வியை மறுபடி எழுப்பினார். துறைத்தலைவர் மேடையேறி, நூலகத்துக்குள் ஊரார் வருவதற்கு வழி செய்வதாக எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

பேருந்தில் திரும்பும்போது கேள்வியார், "உனக்கு எந்தப் பேச்சு பிடிச்சுது?" என்றார். அவள் சொன்னாள். அது உளறல் என்றார் இவர். இறங்கும் நிறுத்தத்தைத் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் சண்டை போட்டார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகக் கூட்டங்களுக்கு இருவரும் சேர்ந்தே போகிறார்கள். கடைக் கதவில் பூட்டு தொங்கும். தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திட்டிக்கொண்டே போவார்கள். போன மாதம் எறும்புகளைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது, துறைத்தலைவர் குனிந்தபடியே நாற்காலிகளுக்கு இடையே வந்து கேள்வியாரின் மனைவி காதருகில் கேட்டார்:

"அம்மா, என் கால்சட்டை எப்ப கிடைக்கும்? நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகணும்."

அவள் எறும்புப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேச்சு முடியட்டும் சார்," என்றாள். "நடுவுல இப்படி எழுந்து வந்து கேள்வி கேக்காதீங்க. எல்லாருக்கும் தொந்தரவா இருக்கில்ல?"