தெற்கே விழுந்த நிழல்

நான் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்ததற்கு எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் இரண்டு காரணங்கள் சொல்லிக்கொண்டார்கள். ஒன்று, எனக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். மற்றது, எனக்குத் தலைக்கனம். முதலாவது பொய். இரண்டாவதை நான் மறுத்ததில்லை.

அப்பா ஆரியசாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் மூட்டை இறக்குபவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளம் பேசும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர். அவருக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, மண்டியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆசிரியை ஆனேன். தலைக்கனம் வராமல் இருக்குமா?

ஜெர்மன் மீது ஆசை வந்தது கல்லூரியில். இயற்பியல் புத்தகங்களில் பாதிப் பெயர்கள் அந்த நாட்டுப் பெயர்கள். அவர்கள் எந்த மொழியில் யோசித்தார்கள் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. வேறொரு காரணமும் உண்டு. கல்லூரியில் என் மலையாளத்தைக் கேட்டு தமிழரைக் கேலி செய்யும் ‘பாண்டி’ என்ற பேரைச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருந்தார்கள். ஜெர்மன் வகுப்பில் அந்தத் தொல்லை இல்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகளும் நானும் ஒரே மாதிரி திக்கினோம். சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் அனுகூலம்கூட இருந்தது. அந்த மொழியில் சில வாக்கியங்களில் வினைச்சொல் கடைசி வரை வராது. ஆங்கிலத்தில் யோசித்துப் பழகிய மற்றவர்கள் அதற்கு அலுத்துக்கொண்டார்கள். தமிழில் யோசித்துப் பழகிய எனக்கு அது வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

வகுப்பின் அலமாரியில் பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் ஓர் அத்தியாயம் நிழலைப் பற்றியது. கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து அதைத் தமிழாக்கினேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்து ஒரு சிறிய தமிழ் மாத இதழ் வந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். படித்துப் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் இதழில் போடுவதாகச் சொன்னார். தலைப்புக்குக் கீழே ‘ஜெர்மனிலிருந்து நேரடியாகத் தமிழில்’ என்றும், அதற்குக் கீழே என் பெயரும் வரும்.

என் எழுத்து அச்சில் வரப்போவது அதுதான் முதல் தடவை. அப்பா அன்றைக்கே மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார். மிளகாய்க் கடை அண்ணாச்சி என்னைப் பார்த்தபோதெல்லாம், “என்ன டீச்சர், ஜெர்மன்காரன் வந்தாச்சா?” என்று கேட்கத் தொடங்கினார்.

ஜூலையில், மழை விட்டிருந்த ஒரு நாள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மதிய இடைவேளையில் முற்றத்துக்கு அழைத்துப்போனேன். அந்த அத்தியாயத்தில் ஒரு செய்முறை இருந்தது. தரையில் ஒரு குச்சியை நேராக நடு. சூரியன் உச்சிக்கு வரும்போது நிழலைப் பார். அது எப்போதும் வடக்கைக் காட்டும். காட்டில் வழி தவறினால்கூட உனக்குத் திசைகாட்டி தேவையில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைத் தமிழில் கொண்டுவர நான் ஒரு முழு நாள் பாடுபட்டிருந்தேன்.

குச்சியை நட்டோம். திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்து வடக்கே ஒரு கோடு கிழித்தோம். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வர பன்னிரண்டரை ஆகும் என்பதால் காத்திருந்தோம். நிழல் சுருங்கிச் சுருங்கி ஒரு சாணுக்கு வந்து நின்றது. கோட்டுக்கு நேர் எதிராக, தெற்கே.

“டீச்சரே, நிழலுக்கு வழி தெத்திப்போச்சு,” என்று பாதி மலையாளத்தில் சொன்னாள் முன்னால் குந்தியிருந்தவள். வழி தவறிவிட்டதாம்.

“அது ஜெர்மன் நிழல்டீ. தமிழ் மீடியத்துல வந்து முழிக்குது,” என்றாள் இன்னொருத்தி. முற்றமே சிரித்தது.

திசைகாட்டி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆய்வகத்திலிருந்து இன்னொன்றைக் கொண்டுவரச் சொன்னேன். அதுவும் முதலாவதுடன் ஒத்துப்போனது. மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். நான் மட்டும் அந்தக் குச்சியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

சாயங்காலம் வீட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தில் குண்டூசி குத்தி விளக்கின் முன் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்னால் சூரியன் நம் தலைக்கு மேல் வந்து, வடக்கே தாண்டிப் போய்விடுகிறது. ஆவணி நடுவில்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அப்புறம் நிழல் தெற்கே விழாமல் எங்கே விழும்? ஜெர்மனிக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் ஊருக்கு மேல் சூரியன் ஒருநாளும் வந்ததில்லை, அவ்வளவுதான். கடகரேகை, மகரரேகை என்று கரும்பலகையில் ஒவ்வொரு வருடமும் கோடு போடுகிறவள் நான். அந்தக் கோட்டை என் காலடியில் இருக்கும் நிழலோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

வெட்கமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஜெர்மன் வகுப்பில் பேச்சுப் பயிற்சி வந்தபோது, ‘எங்கள் ஊரில் இப்போது நிழல் தெற்கே விழுகிறது’ என்று எழுந்து சொன்னேன். வகுப்பெடுப்பவர் ஒரு வினைச்சொல்லை இடம் மாற்றச் சொன்னார். மாற்றினேன். “இப்போது சரி,” என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இதழாசிரியரிடம் விஷயம் அப்படிச் சுலபமாக முடியவில்லை. அவருடைய அறை அச்சகத்தின் பின்பக்கம். என் கட்டுரை அச்சுக் கோத்து, புரூஃப் மேசைமேல் இருந்தது.

“சார், இதுல ஒரு வரியை மாத்தணும். வடக்குன்னு இருக்கறது நம்ம ஊருக்குப் பொருந்தாது.”

“மூலத்துல என்ன இருக்கு?”

“வடக்குன்னுதான் இருக்கு.”

“அப்ப எப்படிம்மா மாத்த முடியும்? மொழிபெயர்ப்புன்னா மூலத்துக்கு உண்மையா இருக்கணும். அவரு விஞ்ஞானி. திருத்த நாம யாரு?”

“நம்ம பிள்ளைங்க வாசல்ல குச்சி நட்டுப் பார்ப்பாங்க சார். தெற்கே விழும்.”

“அப்படியா? எனக்குக் காட்டுங்க,” என்று எழுந்தார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வாசல்வரை போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

“வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும் டீச்சர். இருக்கறபடியே போடவா, வேண்டாமா?”

ஒரு வரிதான். அதை விட்டுவிட்டால் என் பெயர் அச்சில் வரும், ஜெர்மனும் வரும், அப்பா சொன்ன சொல்லும் நிற்கும். ஆனால் இதழைப் படித்துவிட்டு ஏதோ ஒரு பிள்ளை முற்றத்தில் குச்சி நடும். நிழல் எதிரே விழுந்தால், நான் செய்ததைப் போலவே, தன் கண்ணை விட்டுவிட்டுப் புத்தகத்தை நம்பும்.

“வேண்டாம் சார். நானே ஒண்ணு எழுதித் தரேன். வியாழக்கிழமை கொண்டுவரேன்.”

“உங்க சொந்தக் கட்டுரையா?” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தப்பா நினைக்காதீங்க. ஜெர்மன் விஞ்ஞானின்னா நம்புவாங்க. சாலைக் கடைத்தெரு டீச்சர் சொன்னா யாரு நம்புவா?”

“நம்ப வேண்டாம் சார். நட்டுப் பார்க்கட்டும்.”

வீட்டில் சொன்னபோது அப்பாவின் முகம் தொங்கிப்போனது.

“ஜெர்மன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேனே தாயி.”

“இது நானா எழுதறதுப்பா. அதைவிடப் பெரிசு.”

“பெரிசாத்தான் இருக்கும். இருந்தாலும் ஜெர்மன்னு சொல்லிட்டேனே.”

எழுதுவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. மொழிபெயர்க்கும்போது முன்னால் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். இப்போது யாரும் இல்லை. முதலில் எழுதியது பாடப்புத்தகம் மாதிரி இருந்தது, கிழித்தேன். அடுத்தது அந்த ஜெர்மனிக்காரரின் குரலிலேயே வந்தது. காட்டில் வழி தவறுவது பற்றி நான் ஏன் எழுத வேண்டும்? நான் எந்தக் காட்டில் வழி தவறினேன்? கடைசியில், ‘ஆரியசாலையில் ஆடி மாதம் வெயில் அடித்தால் அது அதிசயம், அப்படி அடிக்கும் மதியத்தில் உங்கள் நிழலைப் பாருங்கள்’ என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

வியாழக்கிழமையும் மழை. அவர் கட்டுரையை இரண்டு தடவை படித்தார். வானத்தை எட்டிப் பார்த்தார். இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் இதழ் வந்தது. கட்டுரை வந்திருந்தது, என் பெயருடன். அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘மழை காரணமாக இதனைச் சரிபார்க்க இயலவில்லை. — ஆ-ர்.’ எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அவரும் தன் கண்ணால் பார்க்காததை ஒப்புக்கொள்ளவில்லை. நான் சொன்னதும் அதைத்தானே?

பிறகு வாசகர் கடிதங்கள் வந்தன. நாகர்கோவில்காரர் ஒருவர் தன் வீட்டுக் கொடிக்கம்பத்தில் பார்த்து, சரிதான் என்று எழுதினார். போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒருவர், ‘இங்கே மாதம் முழுக்க மஞ்சு மூடிக்கிடக்கிறது; நிழலே கிடையாது, திசைக்கு என்ன செய்ய?’ என்று கேட்டிருந்தார்.

ஒரு நாள் பள்ளி அலுவலகத்துக்குப் போன் வந்தது. மறுமுனையில் இதழாசிரியர், குரலில் கொஞ்சம் உற்சாகம்.

“டீச்சரே, டெல்லியிலேர்ந்து ஒருத்தர் எழுதியிருக்காரு. மாடியில நட்டுப் பார்த்தாராம். வடக்கேதான் விழுதாம். நீங்க எழுதினது தப்புங்கறாரு.”

“அவர் ஊருக்கு அவர் சொல்றது சரி சார். டெல்லி கடகரேகைக்கு அந்தப் பக்கம்.”

“நாகர்கோவில்காரர்?”

“அவரும் சரி.”

“அந்த ஜெர்மன்காரர்?”

“அவரும் அவர் ஊர்ல சரிதான் சார்.”

அந்தப் பக்கம் அவர் கடிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“எல்லாரும் எப்படிச் சரின்னு எனக்குப் புரியலை,” என்றார். “எழுதிக் கொடுங்க. அடுத்த இதழ்ல ஒரு பக்கம் ஒதுக்கறேன்.”

“ரெண்டு வேணும் சார்,” என்றேன்.