கடையில் ஜெல் இல்லை

ஜனீன் ராஸ்ட்ரிக் இங்கிலாந்தின் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில் பஸ் ஓட்டினாள். நானும் அதே டிப்போதான். அவளுக்கு ஐம்பத்தொரு வயதில் மாதவிலக்கு நின்றது. கூடவே உறக்கமும் போயிற்று. கடல்காற்று எலும்பைக் குடையும் ஜனவரியில்கூட, சட்டை வியர்வையில் தெப்பமாக நனைய ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். டாக்டர் எழுதிக்கொடுத்த ஹார்மோன் ஜெல்லைத் தொடையில் தடவத் தொடங்கிய பிறகுதான் பழைய ஜனீன் திரும்பி வந்தாள், வாய்த்துடுக்கோடு.

அந்த வசந்தத்தில் ஊரில் எந்த மருந்துக் கடையிலும் அந்த ஜெல் இல்லாமல் போனது.

"அதே மருந்து தோல்ல ஒட்டுற பட்டையா வருதே, அதையாவது குடுங்களேன்" என்று கேட்டாள்.

"சீட்டுல ஜெல்னுதான் இருக்கு. நானா மாத்திக் குடுக்க முடியாதும்மா" என்றார் கடைக்காரர். "டாக்டர்கிட்ட புதுசா எழுதி வாங்கிட்டு வாங்க."

டாக்டரின் போனை எடுப்பார் இல்லை. சில வாரங்களில் உறக்கம் மறுபடி கெட்டது. ஒரு நாள் பக்கத்து ஊரான கிளீத்தார்ப்ஸ் போகவேண்டிய பஸ்ஸைத் துறைமுகத்து முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

"கண்ணு தெரியலையா கிழவி?" என்று கத்தினான் பயணி ஒருவன்.

"இறங்கி நடடா!"

புகார் மேலாளர் கிளைவிடம் போனது. விசாரணைக்குத் தொழிற்சங்கத்தின் சார்பில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன செல்லம், மறுபடி புழுக்கமா? ஜன்னலத் திறந்து வச்சுக்க" என்று இளித்தான் கிளைவ். "எங்கம்மாவும் இந்த வயசத் தாண்டித்தான் வந்தாங்க. மருந்தா கேட்டாங்க?"

"உங்கம்மா பஸ் நிறைய ஆள ஏத்திக்கிட்டு ஓட்டினாளா?"

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. கிளைவ் அவளுக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்தான்.

அங்கிருந்து சீருடையோடு நேராக டாக்டரின் மருத்துவமனைக்கே போனாள்.

"அடுத்த மாசம்தான் நேரம் இருக்கு" என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

"பரவால்ல. இங்கயே உக்காந்திருக்கேன்."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவங்ககிட்ட பட்டை இருக்கான்னு கேக்குறேன்."

கதவு சாத்தும் நேரம்வரை அசையவில்லை. கடைசியில் ஓர் இளம் டாக்டர் வெளியே வந்தார்.

"மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தரட்டுமா?"

"எனக்குச் சோர்வு இல்ல தம்பி, கோவம். அதுக்கு மாத்திரை வேணாம். பட்டை எழுது."

எழுதினார். பட்டை அரித்தது, வியர்வையில் உரிந்து வந்தது. ஆனாலும் மெல்ல மெல்ல உறக்கம் வந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் கிளைவின் மேசைமேல் சீருடைக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, எதிர்க் கம்பெனியில் பள்ளிப் பேருந்து ஓட்டப் போய்விட்டாள்.

கிளைவ் அவளை வழியனுப்ப கேக் வாங்கி வைத்திருந்தான். நான் போன் செய்து அவளை அழைத்தேன்.

"அந்தாளு மூஞ்சில முழிக்க மாட்டேன். கேக்கை நீயே தின்னு" என்றாள்.

தின்றேன். கிளைவ் என் எதிரில் உட்கார்ந்து, அவள் ஏன் வரவில்லை என்று கேட்டான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.