பென்சில் எழுத்துப் பறவைகள்

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த அவளுக்குத் தெருவில் ‘கத்தரி’ என்று பெயர். வாய் அப்படி. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோதுதான் அந்த வாய் அடங்கிப் போயிற்று. குழந்தை இல்லாத வீடு; இனி இல்லவே இல்லை என்றும் ஆகிவிட்டது. சுவரைப் பார்த்தபடியே கிடந்தவளுக்கு, லிஃப்ட் ஆபரேட்டரான கணவர் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு கட்டுப் புத்தகம் தூக்கிக்கொண்டு வந்தார்.

“எல்லாம் பூச்சி அரிச்சது. இத வச்சு நான் என்ன பண்ண?”

“படி. இல்லன்னா கிழி. சும்மா மட்டும் கிடக்காத.”

கட்டின் அடியில் பறவைகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. பழுத்துப்போன தாள். ஓரங்களில் யாரோ பென்சிலில் பொடிப்பொடியாக எழுதியிருந்தார்கள். ‘இன்றும் வரவில்லை.’ ‘குரல் மட்டும் கேட்டது.’ அதைப் படித்ததும் பல நாளாக மரத்துக் கிடந்த மனசு லேசாக அசைந்தது. எழுந்து உட்கார்ந்து, அந்தத் தாளை வெட்டி மடித்துப் பசை தடவி ஒரு குருவி செய்தாள். பென்சில் வரி இறக்கையின் மேல் தெரியும்படி செய்தாள். அப்படியே பதினான்கு பறவைகள். எழுத்து வாகாக விழாத தாள்களையெல்லாம் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஐந்து பறவைகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தாள். மீதி ஒன்பதையும் நூலகக் கூடத்தில் நடந்த கைவேலைக் கண்காட்சியில் வைத்தாள். இரண்டாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“இது நீங்க செஞ்சதாம்மா?”

“ஆமாங்க. தொடாதீங்க, பிஞ்சிரும்.”

“இது என் பொண்ணு எழுத்தும்மா.”

மகள் இருபது வயதில் இதயநோயில் போய்விட்டாள். கடைசி இரண்டு வருடம் ஜன்னலோரம் படுத்துப் பறவைகளைப் பார்த்துக் குறித்துவைத்த புத்தகம் அது. வீடு மாறும்போது மகன் கவனிக்காமல் எடைக்குப் போட்டுவிட்டான்.

“ஒவ்வொரு கடையா ஏறி எறங்கிட்டேன்மா. மிச்சத் தாள் பத்திரமா இருக்குல்ல?”

யாருக்கும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள், “பாத்துட்டு வரேன்” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு ஓடிக் கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் தேடினாள். கணவர், “குப்பை வண்டி போயி நாலு மாசமாச்சே...” என்றார். கொடுத்தவர்கள் வீட்டுப் படியேறிக் கேட்டாள். மூன்று பறவைகள் கிடைத்தன. ஒன்றைக் குழந்தை கடித்துத் துப்பிவிட்டதாம். இன்னொன்று எங்கே போனதென்றே தெரியவில்லை.

பெரியவர் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, ஈரத்துணியால் ஒற்றி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பசையோடு சேர்ந்து எழுத்தும் உரிந்து வந்தது. நான்காவதைப் பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை.

“விடுங்கம்மா. நீங்க வெட்டலன்னா பேப்பர் மில்லுல போட்டு அரைச்சிருப்பான்,” என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பிரித்ததிலும் பிரிக்காததிலும் படிக்க முடிந்தவை முப்பத்தோரு சொற்கள். அவர் அவற்றை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதினார்.

“பொண்ணு கடைசியா இந்தப் புத்தகத்துல ஏதோ எழுதிக் காட்டுச்சு. எனக்கு அப்போ கண்ணாடி இல்ல, அப்புறமா படிக்கிறேம்மான்னு சொல்லிட்டேன். அது போனப்புறம் புத்தகத்தத் தொறக்க மனசு வரல. அது இதுல இருக்கா பாருங்களேன்.”

இருவரும் சொற்களை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. அவர் பறவைகளையும் ஈரத் தாள்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவள் எதையும் வெட்டவில்லை. மீதிப் புத்தகங்களைத் திறந்து முதலில் ஓரங்களைப் பார்ப்பாள். எழுத்து இல்லாவிட்டாலும் மூடி வைத்துவிடுவாள். ஒருநாள் கணவர் மெதுவாக, “வெறும் தாள் வாங்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.