ஏரிக்கரையில் மூன்று கால்

படப்பைக்குப் போகும் சாலையில் ஓர் ஏரிக்கரை. தூரத்துக் குன்றைப் படமெடுக்க எஸ்எல்ஆர் கேமராவை முக்காலியில் நிறுத்தியிருக்கிறேன். ஏரியை முழுசாக எடுத்த சின்னக் கேமரா பையில் இருக்கிறது. கரையோர வீடுகளிலிருந்து நாலு பேர் வேகமாக வருகிறார்கள். என் கை நடுங்குகிறது.

"இன்னாம்மா, ஏரிய அளக்க வந்துகீறியா?" முன்னால் வந்தவர் முக்காலியைப் பிடிக்கிறார்.

"இல்லண்ணா, போட்டோ எடுக்கத்தான்."

"போன வாட்டியும் இந்தமாரி மூணு காலு நட்டுத்தான் அளந்தாங்க. அப்பால ஏரி எடம்னு சொல்லி பக்கத்துத் தெருவையே இடிச்சிட்டாங்க. எங்க வூடு இதுல கீதா? காட்டு."

எஸ்எல்ஆர் திரையில் குன்று மட்டும்தான். "சரி, கெளம்பு" என்கிறார்.

கிளம்பிவிடலாம். ஆனால் சின்னக் கேமராவில் அந்த வீடுகள் வரிசையாக இருக்கின்றன. பையிலிருந்து எடுத்து, "இதுல இருக்குண்ணா, நீங்களே அழிச்சிடுங்க" என்று நீட்டுகிறேன்.

வாங்கும் அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்குகிறது.