கபிரியேல் மூடி வைத்த எரர்

கபிரியேல் செத்துப்போனானாம். பாரிஸ் பக்கத்தில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில். காலையில் அவன் தங்கச்சி போன் செய்துதான் தெரியும்.

அழுகை இன்னும் வரவில்லை. கோபம் கோபமாக வருகிறது.

அவனைத் தெரியாதவர்களுக்கு... சுனாமிக்கு அடுத்த வருஷம் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் ஒரு சின்ன அறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, அவ்வளவுதான்.

கடலுக்குப் போன படகுகளின் பெயர் ஒரு ஃபைலில். கரை சேர்ந்தவை இன்னொன்றில். இரண்டையும் ஒப்பிட்டு எந்தப் படகு வரவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் அந்தக் கரையில் அது எப்படிப்பட்ட கேள்வி என்று உங்களுக்கே தெரியும்.

கபிரியேல் அதை, கம்ப்யூட்டருக்குக் கட்டளை தட்டுகிற ஷெல்லில், ஒரே வரியில் எழுதியிருந்தான். நடுவில் தற்காலிக ஃபைல் எதுவும் கிடையாது. அதில் ஐயாவுக்கு அத்தனை பெருமை.

ஆனால் அந்த வரி ஓட, சிஸ்டத்துக்குள் /dev/fd என்று ஒரு லிங்க் இருக்க வேண்டும். எங்கள் மெஷினில் கரண்ட் போய் வந்தால் அது காணாமல் போய்விடும். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது... ஒவ்வொரு தடவையும் இவன் உட்கார்ந்து கையால் லிங்க்கைப் போடுவான்.

"யோவ், ரெண்டு டெம்பரரி ஃபைல் போட்டா வேலை முடிஞ்சுது. ஏன்யா உசிர வாங்குற?"

"நல்லா இருக்கற வரிய எதுக்குய்யா நாசம் பண்ணணும்? லிங்க்க நான் போட்டுக்கறேன், நீ ஒன் வேலையப் பாரு."

"மெஷின் பூட் ஆகும்போதே தானா வர்ற மாதிரியாவது எழுதித் தொலையேன்."

"நாளைக்கு."

அந்த நாளைக்கு வரவே இல்லை.

இதில் இன்னொரு கூத்து. திரையில் எரர் வந்தால், படகு வந்ததா என்று கேட்டு வாசலில் நிற்கிறவர்கள் பயப்படுகிறார்களாம். வரியின் கடைசியில் 2>/dev/null சேர்த்துவிட்டான். இனி என்ன எரர் வந்தாலும் யார் கண்ணிலும் படாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்தது. இவன் பாஸ்போர்ட் வேலையாகப் பாண்டிச்சேரி போயிருந்தான். வரியை ஓட்டினேன். லிங்க் இல்லையென்றால் எரர் வருமே, வரவில்லை. வராத படகு எதுவும் இல்லையென்றால் காட்டுகிற 'எல்லாப் படகும் வந்தாச்சு'தான் திரையில் வந்தது.

மீன் விற்கிற அஞ்சலை அக்கா மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

"எல்லாம் வந்துட்டுதுன்னு சொல்றீங்க தம்பி. எங்க வூட்டுக்காரரு எங்கங்க?"

இரண்டு ஃபைலையும் திறந்து கண்ணாலேயே பார்த்தேன். போனதில் அவர் படகு இருந்தது. வந்ததில் இல்லை. அந்த வரி எதையுமே ஒப்பிடவில்லை... எரரை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது. கரைக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன்.

தேடப் போனவர்கள் பொழுது சாயும் முன்பே அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கருக்களாச்சேரிக்கு நேரே இன்ஜின் நின்றுபோய் மிதந்துகொண்டிருந்தாராம். படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். அக்கா அவரை அடிக்கவே போய்விட்டாள்.

மறுநாள் கபிரியேலை வாயில் வந்தபடி திட்டினேன். அவன் உட்கார்ந்து அந்த 2>/dev/null-ஐ அழித்தான்.

"பயந்தா பயந்துட்டுப் போறாங்க. தெரிஞ்சாவணும்ல" என்றான்.

லிங்க்கை மட்டும் அப்போதும் தானாக வருகிற மாதிரி எழுதவில்லை, சண்டாளன்.

பிறகு பிரான்ஸ் போய்விட்டான். எப்போது போன் செய்தாலும் "ஸாவா, ஸாவா... எல்லாம் நல்லா இருக்குய்யா" என்பான். கொஞ்ச மாதங்களாக அதுவும் இல்லை. சரி, நன்றாக இருக்கிறான் என்று நானும் இருந்துவிட்டேன்.

தங்கச்சி இன்றைக்குச் சொல்கிறாள். "அண்ணன் ரொம்ப நாளா ட்ரீட்மென்ட்லதான் இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுடுச்சு. பயந்துடுவீங்களாம்."

ஏன்யா கபிரியேல்... நான் பயந்தா பயந்துட்டுப் போறேன்னு விட்டிருக்கலாமேய்யா.

போய் வா.