குருக்கள்மடம் ரீச்சரின் மொடம் வயர்

வயர் வேலை செய்பவனுக்குக் கரண்ட் அடிக்குமென்று ஒரு பயம். யுத்த காலத்து மட்டக்களப்பில் கையில் வயரோடு நடப்பது அதைவிடப் பெரிய பயம்; குண்டுக்கு என்று பிடிப்பார்கள். பட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெட்டி வந்தது, வயர் வரவில்லை

குருக்கள்மடத்துப் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் எங்கள் ரிப்பேர் கடைக்கு உரப்பைக்குள் ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். டி.வி.யில் பூட்டுகிற வகை. கூடவே, டெலிபோன் லைன் வழியே எழுத்தை அனுப்புகிற ஒரு மொடம். நோர்வேயிலிருந்து மகன் ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டவை. இரண்டையும் இணைக்கிற வயரை வழிச் சோதனையில் பறித்துவிட்டார்கள்.

மகன் ஊருக்குத் திரும்பத் துடிக்கிறான். இங்கேயோ அவனைத் தேடுகிறார்கள். கடிதம் எழுதினால் உடைத்துப் படிப்பார்கள். டெலிபோன் கடையில் பேசினால் சுற்றிவரக் காதுகள். மொடம் வழியே எழுத்தாய் அனுப்பினால் யாருக்கும் கேட்காது.

"'வராத' எண்டு ஒரு சொல்லு அவனுக்குப் போகோணும் மனே. வயரக் கட்டித் தா."

குறுக்கு

பழுதான பிரிண்டரிலிருந்து பிளக்குகளைக் கழற்றினேன். கம்ப்யூட்டரோடு கம்ப்யூட்டரை இணைத்துப் பழகிய கை. அனுப்புகிற கம்பியையும் வாங்குகிற கம்பியையும் குறுக்கே மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். மொடத்துக்கு அவை நேராகப் போகவேண்டும். கரண்ட் வந்த நேரம் மட்டும் சோதித்துப் பிழையைப் பிடிக்க ஒரு கிழமை போனது. கூட வேலை செய்த காத்தான்குடி நசீர் சொன்னான்:

"ஊருக்குள்ள எல்லாம் குறுக்காலதான் கிடக்கு. நீ இதையாவது நேரா உடு மச்சான்."

சோற்றுப் பார்சல்

டெலிபோன் கடை கல்லடிப் பாலத்துக்கு அப்பால். கம்ப்யூட்டரையும் மொடத்தையும் டைப்ரைட்டர் என்று சொல்லி ரீச்சர் முதலே கொண்டுபோய்விட்டார். எங்கள் தொழிலில் அப்போது ஒரு வழக்கம்: பிளக்கும் வயரும் ஒன்றாகப் பயணம் செய்யாது. பிளக்குகள் நசீரின் டிபன் கரியருக்குள். வயர் என் சோற்றுப் பார்சலைக் கட்டிய கயிறு. பாலத்தடியில் சிப்பாய் பார்சலைத் தூக்கினான். பாவம், பசியாக்கும் என்று நினைத்தேன். அவன் முடிச்சை அவிழ்த்தான்.

"சோறு கொண்டு போ. கயிறு இங்க வை."

எழுத்து வந்தது

வேறு வயர் தேட இன்னும் ஒரு கிழமை. இம்முறை அது மூன்று துண்டாய், மூன்று பேரோடு பாலம் கடந்தது. கடைக்குள்ளேயே பற்றவைத்துப் பூட்டினேன். மொடம் கீச்சிட்டது. மறுமுனைக் கம்ப்யூட்டரில் மகன் விட்டுவைத்திருந்த செய்தி, ஆங்கில எழுத்தில் தமிழாய், கடை டி.வி.யில் ஒவ்வொன்றாக விழுந்தது: 'அம்மா, பதிலே இல்லை. உங்களுக்கு என்ன நடந்ததோ எண்டு பயமாக் கிடக்கு. நான் வெளிக்கிட்டுட்டன்.'

ரீச்சர் அப்படியும் 'வராத' என்று அடித்தார். அங்கே படிக்க ஆள் இல்லை. அவன் கொழும்பில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்; பிறகு கண்டவர்கள் இல்லை. சில மாதம் கழித்து அதே உரப்பையோடு ரீச்சர் எங்கள் கடைக்கு வந்தார்.

"வெச்சிரு மனே. இனி ஆருக்கு வராத எண்டு எழுதிற?"

நான் கட்டிக்கொடுத்த வயர்களில், ஒரு குறையும் சொல்லமுடியாமல் வேலை செய்தது அது ஒன்றுதான்.