சுபைறாவின் வானும் இரண்டு கம்பனிகளும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் தன் டொல்பின் வான் வண்டியில் ஏறாத ஆசிரியை ஒருத்திகூட இல்லை என்பாள் சுபைறா. கேட்பவர் புருவத்தை உயர்த்தினால் உடனே கணக்கைக் குறைத்துக்கொள்வாள்.

"சரி, ஒரு பதினொரு பேர். ஆனா அந்தப் பதினொரு பேரும் நூறு பேர்ர சத்தம் போடுவாங்க."

அந்தப் பதினொரு பேருக்கும் வீடு மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும். வேலை வரிப்பத்தான்சேனைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில். காலையில் ஏற்றிப் போய் மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவது வானின் வேலை. புருசன் மஜீட் கட்டாரில். ஓட்டுவது காரைதீவுத் தம்பிமுத்து. மிச்சம் எல்லாம் சுபைறா. ஆம்பிளை ஓட்டுகிற வானில் பொம்பிளைகளைத் தனியே அனுப்பிவிட்டு வீட்டில் குந்திக்கொண்டிருப்பது முறையில்லை என்று, தானும் நாள் தவறாமல் முன் இருக்கையில் ஏறிக்கொள்வாள். அதனால் ஊர்ச் செய்தி, புதினம் எதுவும் அவளைத் தாண்டிப் போனதில்லை.

வான் வாங்கியது 2002இல், சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்த வருடம். மஜீட் கட்டாருக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது அவனுடைய மூத்த சகோதரியான றாத்தாவின் மகன் மிஹ்லார், இன்சூரன்ஸ் ஏஜன்ட், காப்புறுதிப் படிவத்தோடு வந்து நின்றான். சொந்த றாத்தா மகனை எப்படித் திருப்பி அனுப்புவது? மஜீட் கையெழுத்து வைத்தான். வைத்ததைப் பெண்சாதியிடம் சொல்லவில்லை. அவள் பக்கத்திலும் ஒரு காப்புறுதிக்காரி இருப்பது அவனுக்குத் தெரியும்.

அந்தக் காப்புறுதிக்காரி, சுபைறா காக்கா என்று கூப்பிடும் அண்ணனின் மகள் நதீரா, அடுத்த கிழமை வந்தாள்.

"மாமி, மாசம் முடியப் போகுது. எனக்கு இன்னம் ஒரேயொரு பொலிசிதான் குறையுது."

தன் சார்பில் கையெழுத்து வைக்க மஜீட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அற்றோனிப் பத்திரம் சுபைறாவிடம் இருந்தது. அவளும் கையெழுத்து வைத்தாள். புருசன் வீட்டார் அறிந்தால் முகம் கோணுவார்கள் என்று அவளும் வாய் திறக்கவில்லை. இப்படியாக இரண்டு குடும்பத்தின் மனமும் நோகாமல், ஒரு வானுக்கு இரண்டு கம்பனியில் இரண்டு வருடம் பணம் போயிற்று. இரண்டுமே வெள்ளம், புயல் எல்லாம் அடங்கிய முழுக் காப்புறுதி.

2004 டிசம்பர் இருபத்தாறாம் திகதி கடல் வந்தது. சுபைறா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய தெருவரைக்கும் ஓடித் தப்பினாள். அவள் வீட்டு ஒழுங்கையில் எட்டு வீட்டுக்காரரை அடக்கம் செய்தார்கள். அதைப் பற்றி மட்டும் அவள் கதை அளப்பதில்லை. மூன்றாம் நாள் தம்பிமுத்து வானைக் கண்டுபிடித்தான். இரண்டு தென்னைக்கு நடுவில், சில்லு நாலும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. உள்ளே இருக்கை மட்டத்துக்கு மணல்.

அவள் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமுக்கு மிஹ்லார் படிவத்தோடு வந்தான். "மாமி, பயப்படாதீங்க. மாமா எங்கட கொம்பனியில போட்டு வெச்சிரிக்கார்" என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் நதீரா இன்னொரு படிவத்தோடு நின்றாள்.

"உங்கட கொம்பனியா? மாமி போட்டது எங்கட கொம்பனியிலதானே!"

"என்ன புள்ள விசர்க் கதை கதைக்கிறாய்?" என்றான் மிஹ்லார்.

சுபைறா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடல் வந்த பிறகு அவள் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இதே வாகனத்துக்கு வேறு காப்புறுதி உண்டா? இல்லை என்று எழுதி, நதீராவின் தாளைக் கிழித்துப் போடச் சொன்னான் மிஹ்லார். அவனுடைய தாளைக் கிழிக்கச் சொன்னாள் நதீரா. கட்டாரிலிருந்து கதைத்த மஜீட்டுக்கு இன்னும் பெரிய யோசனை.

"ரெண்டு பக்கமும் கட்டினம்தானே? ரெண்டு பக்கமும் முழுசா எடு."

"கடல் கொண்டு போனது ஒரு வான். ரெண்டு வானுக்குக் காசெடுத்தா மற்ற வானை நான் எங்க கொண்டுபோய்க் காட்டுற? மறுமையிலயா?"

இரண்டு படிவத்திலும் 'உண்டு' என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. இரண்டு கம்பனியின் அலுவலகக் கந்தோர்களும் ஒரே தெருவில், எதிரும் புதிருமாக இருந்தன. மிஹ்லாருடையதற்குப் பச்சைப் பலகை, நதீராவுடையதற்கு நீலப் பலகை.

"மற்றக் கொம்பனியில முதல்ல கேளுங்கம்மா. அவங்க தாறதப் பார்த்திட்டு நாங்க தாறம்" என்றார் பச்சைப் பலகை முகாமையாளர்.

சுபைறா தெருவைக் கடந்தாள்.

"அவங்கட பொலிசிதானே முந்தினது? அவங்க முதல்ல தரட்டும்" என்றார் நீலப் பலகை முகாமையாளர்.

மறுபடியும் கடந்தாள். தை போய், மாசி போய், பங்குனியும் வந்தது. கிழமையில் மூன்று நாள் முகாமிலிருந்து நடந்து வந்து தெருவைக் குறுக்கே அளந்தாள். பச்சைக் கந்தோர்க் காவலாளி அவள் தலைக்கறுப்பைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போடப் பழகிவிட்டான். நீலக் கந்தோரில் தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பொலிசியையும் அவள் வரி வரியாக வாசித்தாள். விளங்காத இடத்தை ஆங்கிலம் படிப்பிக்கும் ஸகியாவிடம் கேட்டு விளங்கிக்கொண்டாள்.

ஸகியா வானில் போய்வந்த பதினொரு பேரில் ஒருத்தி. சித்திரை லீவுக்கு முதல் நாள் அவள்தான் தயங்கித் தயங்கி விசயத்தைச் சொன்னாள்.

"கோவிக்காதீங்க றாத்தா. மூணு பஸ் மாறிப் போறதில எல்லாரும் அரைவாசியாப் போனம். லீவு முடிஞ்சா அக்கரைப்பற்று வானுக்குச் சொல்லுவமெண்டு மற்ற டீச்சர்மார் கதைக்கிறாங்க."

ஆட்கள் ஒருமுறை வேறு வானில் ஏறிவிட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்பது சுபைறாவுக்குத் தெரியும். அப்புறம் காசு கிடைத்து என்ன, வான் கிடைத்து என்ன? யாரை ஏற்றுவது?

"லீவு முடியிற அண்டைக்கு உங்கட வீட்டு வாசலடியில ஹோன் சத்தம் கேக்கும்" என்று சொல்லிவிட்டாள். கையில் ஒரு சதம் இருக்கவில்லை.

சுபைறா தாளில் பொய் எழுதமாட்டாள். வாயால் சொல்வதற்கு அவளிடம் வேறு சட்டம் இருந்தது. மறுநாள் காலை தம்பிமுத்துவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பச்சைக் கந்தோரில் உட்கார்ந்தாள்.

"நீலப் பலகை மனேஜர் பாதி தாறதுக்கு ஓமெண்டுட்டார். உங்களோட கதைக்க இப்ப இஞ்ச வாறார்" என்றாள்.

அதே நேரம் தெருவுக்கு அந்தப் பக்கம் தம்பிமுத்து, அவள் சொல்லிக் கொடுத்தபடி, நீல முகாமையாளரிடம் நின்றான். பச்சைப் பலகைக்காரர் பாதிக் காசுக்குச் சம்மதித்துவிட்டார், உங்களை வரச் சொல்கிறார் என்பது அவன் சொல்லவேண்டிய செய்தி.

பத்து நிமிடம் போயிற்று. நீல முகாமையாளர் தெருவைக் கடந்து வந்தார்.

இரண்டு முகாமையாளர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் யாருக்குச் சம்மதித்தது என்று யாரும் கேட்பதற்கு முன் சுபைறா இரண்டு பொலிசியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

"ரெண்டு பேர்ர பேப்பர்லயும் ஒரே வசனம்தான் கிடக்கு. வேற இன்சூரன்ஸ் இருந்தா எங்கட பங்கைத் தருவமெண்டு. முந்தினது பிந்தினதெண்டு ஒரு எழுத்தில்ல. பங்குக்காரர் ரெண்டு பேரும் வந்தாச்சு. பங்கைப் போடுங்க."

பச்சை முகாமையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீல முகாமையாளர் அந்த வசனத்தை இரண்டு தாளிலும் விரல் வைத்து வாசித்தார். பிறகு கொழும்புக்குத் தொலைபேசி போயிற்று. மத்தியானத்துக்குள் ஆளுக்குப் பாதி என்று எழுதி, இருவரும் கையெழுத்து வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் இரண்டு காசோலை வந்தது. லீவு முடிந்த அன்று காலை, யாரோ ஓட்டி விற்ற வான்தான் என்றாலும் பழுதில்லாத ஒரு டொல்பின், ஸகியா வீட்டுப் படலைக்கு முன்னால் ஊர் எழும்பும்படி ஹோன் அடித்தது.

அதற்கு ஒரே ஒரு காப்புறுதிதான். ஒரு வருடம் மிஹ்லாரிடம், மறு வருடம் நதீராவிடம். சண்டை திரும்பி வந்து, பாதையெல்லாம் சோதனைச் சாவடி முளைத்த நாட்களிலும் அந்த வான் ஓடியது. இறங்கு, ஏறு, அடையாள அட்டையைக் காட்டு என்று வரிப்பத்தான்சேனை போய்ச் சேர இரண்டு மணித்தியாலம் ஆன காலத்திலும் சுபைறா முன் இருக்கையை விட்டுக் கொடுக்கவில்லை.

2009இல் சண்டை முடிந்தது. அந்த வருடம் புதிதாகப் படிப்பிக்கச் சேர்ந்து வானில் ஏறிய றஸ்னா என்ற பிள்ளை, வான் கிடைத்த கதையைக் கேட்டாள். சுபைறா பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த நீலப் பலகை மனேஜர் இரிக்கானே புள்ள, என்ட பொய்ய அப்பிடியே நம்பிட்டான். நம்பி, விழுந்தடிச்சு ஓடி வந்தான். ஒரு கால்ல சப்பாத்து, மற்றக் கால்ல செருப்பு!"

தம்பிமுத்து கியரை மாற்றினான்.

"அவர் நம்பல்ல றாத்தா. நான் போய்ச் சொல்லக்குள்ள சிரிச்சார். 'இது பொய்யெண்டு எனக்குத் தெரியும். ஆனா இண்டைக்கு நான் போகாட்டி அந்தம்மா நாளைக்கும் வருவா' எண்டு சொல்லித்தான் பேனையையும் எடுத்துக்கிட்டு எழும்பினவர். ரெண்டு கால்லயும் சப்பாத்துத்தான்."